முன்னும் பின்னும்: யூதர்களின் உணவுத் துதிகள்

யூதர்கள் சாப்பிடும் முன் சொல்லும் துதி ஒரே வரிதான். ரொட்டி என்றால், "பூமியிலிருந்து ரொட்டியை வரச்செய்பவர்" என்று இறைவனைப் போற்றும் ஹமோட்ஸி. திராட்சை மதுவுக்கு, மரத்துப் பழத்துக்கு, மண்ணில் விளையும் காய்க்கு என்று தனித்தனி வரிகள் உண்டு. ஒரு வாய் சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும்.

ரொட்டி உணவுக்குப் பின் வரும் பிர்கத் ஹமஸோன் நீளமானது. குறைந்தது ஓர் ஆலிவ் அளவு ரொட்டியாவது சாப்பிட்டிருக்க வேண்டும். உணவு, நிலம், எருசலேம், இறைவனின் நன்மை என நான்கு துதிகள். ரோமருக்கு எதிரான யூதக் கிளர்ச்சியில் கி.பி. 135இல் வீழ்ந்த பெத்தார் என்ற ஊரில் இறந்தவர்களைப் பின்னர் அடக்கம் செய்ய முடிந்ததை ஒட்டியே நான்காவது சேர்ந்தது என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தால்முத். மூன்று பேர் சேர்ந்து உண்டால் ஒருவர் மற்றவர்களை அழைத்துத் தொடங்கி வைப்பார்.

சரி, இரண்டில் எது கனமானது? சட்டப்படி பின்னதுதான். முன்னது ரபிகள் என்னும் யூத மத அறிஞர்கள் வகுத்தது. பின்னதற்கு, உண்டு நிறைந்ததும் இறைவனைப் போற்று என்னும் வேத வசனம், உபாகமம் 8:10, நேரடி ஆதாரம். எனக்கும் அதுவே பெரிதாகப் படுகிறது. வயிறு நிறைந்ததும் எழுந்து போகத்தான் தோன்றும். உட்கார்ந்து நான்கையும் சொல்லி முடிக்கப் பொறுமை வேண்டும். அந்த அத்தியாயத்தின் அடுத்த வசனங்களும், உண்டு நிறைந்து நல்ல வீடு கட்டி வாழும்போது இறைவனை மறந்துவிடாதே என்றே எச்சரிக்கின்றன.