டிஸ்ப்ளே ஃப்ரிட்ஜும் மேல் தட்டுக் கொத்துக்கறியும்: மூன்று வருட அனுபவம்

போன வாரம் என் கறிக்கடை டிஸ்ப்ளே ஃப்ரிட்ஜின் ஃபேன் மோட்டார் போய், மெக்கானிக் வந்து மாற்றிவிட்டுப் போனார். அடுத்த நாளே, புதிதாகக் கறிக்கடை வைக்கப்போகும் நண்பர் போன் செய்து, "நீங்க வச்சிருக்கிற அதே மாடலை வாங்கலாமாண்ணே?" என்று கேட்டார். எத்தனை லிட்டர், எத்தனை தட்டு என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. நான் பேசப்போவது மாட்டுக் கொத்துக்கறியின் நிறத்தைப் பற்றி மட்டும்.

துண்டுக்கறியை எந்தப் பெட்டியும் ஓரளவு காப்பாற்றிவிடும். கொத்துக்கறிதான் பெட்டியின் யோக்கியதையைக் காட்டும். அரைக்கும்போது கறி முழுக்கக் காற்றுப் படுகிறது, மிஷின் சூடும் சேர்ந்துகொள்கிறது. காலையில் செக்கச்செவேல் என்று வைத்த ட்ரே மறுநாளே காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிடும்.

எனக்கும் இந்தப் பெட்டிக்கும் தீராத வழக்கு டிஃப்ராஸ்ட். ஒரு நாளைக்கு நான்கு முறை தானாகவே ஐஸை உருக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் குளிர் நின்றுவிடும். வெளியே போர்டில் 2 டிகிரி என்று காட்டும். பச்சைப் பொய். மேல் தட்டு ட்ரேயில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 6, சில நாள் 7.

நாலைந்து டிகிரிக்கு இத்தனை புலம்பலா என்றால், ஆமாம். கறிக்கு நிறம் தருவது மையோகுளோபின். ஆக்சிஜன் நன்றாகக் கிடைத்தால் அது பளிச்சென்று சிவக்கும், அறவே கிடைக்காவிட்டால் ஊதா கலந்த கருஞ்சிவப்பு. அரைகுறையாகக் கிடைக்கும் இடத்தில்தான் பழுப்பு சீக்கிரம் வரும். அதனால் மேலே தெரியும் சிவப்புக்கு அடியில் ஒரு பழுப்புப் படலம் ஒளிந்திருக்கும். நல்ல குளிரில் ஆக்சிஜன் ஆழமாக இறங்கி அதை உள்ளேயே தள்ளி வைக்கும். சூடு ஏறினால் கறியே ஆக்சிஜனை வேகமாகத் தின்று தீர்த்துவிடும், படலம் மேலே வந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால் என் மேலும் தப்பு உண்டு. இதற்கு மேல் அடுக்காதே என்று உள்ளே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் குளிர்காற்றின் பாதை அடைபடும். முதல் ஒரு வருடம் அந்தக் கோட்டை நான் பார்த்ததே இல்லை. ட்ரேக்களைக் கீழே இறக்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மிஷின் பிளேடைத் தீட்டி, கறியை நன்றாகக் குளிரவைத்து அரைத்ததில் இன்னும் கொஞ்சம். மீதி டிஃப்ராஸ்டின் கணக்குதான். சர்வீஸ் ஆள் வந்து இரவு நேரத்துக்கு மாற்றித் தந்தார். சரி, தொலைந்தது என்று நினைத்தேன். கரண்ட் ஒருமுறை போய் வந்ததும் மறுபடி பழைய நேரத்துக்கே போய்விட்டது. இதுவரை எத்தனை முறை மாற்றினோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

எதிர்பாராத சந்தோஷம் எல்இடி விளக்கு. பழைய பெட்டியில் ட்யூப்லைட் சூடு நேரே கறியில் இறங்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை, நிறமும் கூடுதல் நேரம் நிற்கிறது. "ரோஸ் லைட் போடுங்க, பழைய கறியும் புதுசாத் தெரியும்" என்று விற்றவர் யோசனை சொன்னார். வாங்கிப் போகிறவர் வீட்டில் ரோஸ் லைட் எரியாதே!

ஆக்சிஜனை 80 சதவீதம் வரை அடைத்த பேக்கிங்கையும் யோசித்தேன். சிவப்பு பல நாள் நிற்கும். ஆனால் கொழுப்பில் காறல் வாடை வரும். அப்புறம், சமைக்கும்போது, கொத்துக்கறி பத்திரமாக வேகத் தேவையான 71 டிகிரி எட்டும் முன்பே உள்ளே பழுப்பாகி, வெந்துவிட்டது போல ஏமாற்றும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மற்றபடி கம்ப்ரசர் மூன்று வருடத்தில் ஒருமுறைகூடப் படுத்ததில்லை. சத்தம் கிடையாது, கழுவுவது சுலபம், கண்ணாடியில் நீர் பூப்பதில்லை. நான் பயன்படுத்தியதில் இதுதான் நல்ல பெட்டி.

ஆனாலும் நண்பரிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். அவர் போன் செய்த நேரத்தில் மேல் தட்டிலிருந்து எட்டு ட்ரேயை எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் அரைத்தது, முகர்ந்தால் ஒரு வாடை இல்லை. நிறம் மட்டும்தான் போயிருந்தது.