ஜனவரியில் எந்தக் கரை? அலெக்சாந்திரியா, துனிஸ், டான்ஜியர்

வட ஆப்பிரிக்கா என்றதும் மனதில் வருவது மணலும் வெயிலும்தான். அதை நம்பி ஜனவரியில் இரண்டு பருத்திச் சட்டையோடு போய் இறங்கி, முதல் நாளே கம்பளிச் சட்டை தேடிக் கடைவீதிக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். மத்தியதரைக் கடலோரத்தில் மழைக்காலமே குளிர்காலம்தான். கோடை முழுக்க வானம் வெளுத்துக் கிடக்கும். நவம்பரில் பிடிக்கும் மழை மார்ச் வரை விட்டு விட்டுப் பெய்யும். அதனால் எகிப்தின் அலெக்சாந்திரியா, துனீசியாவின் துனிஸ், மொராக்கோவின் டான்ஜியர் என்ற இந்த மூன்று ஊர்களையும் எத்தனை டிகிரி என்று பார்த்து நான் ஒப்பிடப் போவதில்லை. காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளை அந்த ஊரில் எப்படிக் கழிக்கலாம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரிப் பகலில் அலெக்சாந்திரியா 18 டிகிரியைத் தொடும். துனிஸும் டான்ஜியரும் 15, 16-ல் நிற்கும். இரவில் மூன்றுமே 10 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இறங்கும். மழையில்தான் பெரிய வித்தியாசம். ஆண்டுக்கு அலெக்சாந்திரியாவில் சுமார் 200 மில்லிமீட்டர், துனிஸில் சுமார் 450, டான்ஜியரில் 700-க்கும் மேல். மூன்று இடத்திலும் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களில்தான் கொட்டும். இன்னொன்று, வெளியே இதமாக இருந்தாலும் அறைக்குள் பாதம் விறைத்துப்போகும். கோடையை நினைத்துக் கட்டிய வீடுகள், தரையெல்லாம் ஓடும் பளிங்கும். தடித்த காலுறை இல்லாமல் போக வேண்டாம்.

அலெக்சாந்திரியாவில் குளிர்காலப் புயலுக்கு 'நவ்வா' என்று பெயர். மீனவர்கள் ஒவ்வொரு நவ்வாவுக்கும் பெயர் வைத்து, தேதியும் குறித்து வைத்திருக்கிறார்கள். நவம்பர் நடுவில் வருவது 'மக்னஸா', அதாவது துடைப்பம். டிசம்பர் தொடக்கத்தில் 'காசிம்'. ஜனவரி 19-ஐ ஒட்டி, காப்டிக் கிறிஸ்தவர்களின் திருமுழுக்குத் திருநாளின் பெயரில் 'கதாஸ்'. மார்ச் கடைசியில் 'அவ்வா' வந்து போனால் அதற்குப் பிறகு நவ்வா இல்லை என்பது ஊர் வழக்கு. தேதி ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகும். ஆனாலும் பயணத்துக்கு நாள் குறிக்கும்போது அந்தப் பட்டியலை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

நவ்வா அடிக்கும்போது கடற்கரைச் சாலையில் நின்று பார்க்க வேண்டும். அலை சுவரில் மோதி, வீட்டு உயரத்துக்கு எழும்பி, சாலையிலேயே வந்து விழும். கார்கள் அலைக்கு ஒதுங்கி நின்று, இடைவெளி பார்த்துப் பாய்ந்து போகும். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் தள்ளுவண்டிகள் வந்துவிடும். அவற்றில் விற்கும் 'ஹும்முஸ் எஷ்-ஷாம்' இந்த ஊர்க் குளிருக்கென்றே பிறந்த பண்டம். கொண்டைக்கடலையைத் தக்காளி, சீரகம், மிளகாய் போட்டு வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து, கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஒரு கரண்டியும் போட்டுத் தருவார்கள். முதலில் சாற்றைக் குடிக்க வேண்டும், அப்புறம் அடியில் கிடக்கும் கடலையை அள்ளித் தின்ன வேண்டும். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, முகத்தில் உப்புச் சாரல் பட நின்ற அந்தக் கால் மணி நேரத்துக்காகவே நான் மறுபடியும் ஜனவரியில் போவேன்.

மழை விடவே இல்லையென்றால்? 2002-ல் திறந்த புதிய நூலகம் இருக்கிறது. கடலை நோக்கிச் சாய்ந்த பெரிய வட்டக் கூரைக்குக் கீழே, படிப்படியாக இறங்கும் 11 அடுக்கு வாசிப்புக்கூடம். கூரைக் கண்ணாடி வழியே வரும் மேகத்து வெளிச்சம் அந்த இடத்துக்கு அவ்வளவு பொருத்தம். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகத்தையும் 2023-ல் திறந்துவிட்டார்கள். இந்த இரண்டிலும் ஒரு முழு மழை நாள் போய்விடும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதுதான் பாடு. வடிகால் தாங்காமல் தெருக்கள் குளமாகும், வாடகைக் கார் கிடைக்காது, கிடைத்தாலும் நகராது. நடந்து போனால் முழங்கால் வரை நனைய வேண்டியதுதான்.

தமிழ் படிக்கிறவருக்கு இந்த ஊரில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. வியன்னாவில் இருக்கும் 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, முசிறியிலிருந்து வந்த சரக்கைப் பற்றிய ஒப்பந்தம். சேரநாட்டுத் துறைமுகத்தில் ஏற்றிய தந்தமும் நறுமணப் பொருளும் செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலை தாண்டி, நைல் ஆற்றில் மிதந்து, அலெக்சாந்திரியாவின் கிடங்குக்கு வந்து நாலில் ஒரு பங்கு சுங்கம் கட்டிய வழி அதில் இருக்கிறது. அந்தத் துறைமுகத்துக்கு வழிகாட்டிய கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் இன்று நிற்பது 15-ஆம் நூற்றாண்டின் காயித்பே கோட்டை. அதன் மதிலோரம் நின்று கடலைப் பார்க்கும்போது முசிறி நினைவுக்கு வராமல் இருக்காது.

இப்போது துனிஸ். நான் வைத்த கேள்விக்கு உண்மையில் ஜெயிப்பது இந்த ஊர்தான். மழை நாளில் இங்கே செய்ய வேண்டியதெல்லாம் கூரைக்கு அடியிலேயே இருக்கிறது. மதீனா எனப்படும் பழைய நகர்ப்பகுதியில் ஸைத்தூனா பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைத்தெருக்கள் பலவற்றுக்கு மேலே வளைவுக் கூரை உண்டு. அத்தர்க் கடையிலிருந்து துணிக்கடை, அங்கிருந்து தொப்பிக் கடை என்று நனையாமலேயே போகலாம். பார்தோ அருங்காட்சியகத்துக்கு டிராமிலேயே போய்விடலாம். பழைய அரண்மனை ஒன்றின் சுவரிலும் தரையிலும் ரோமானிய மொசைக்குகள், அறை அறையாக. கவிஞர் வர்ஜில் மடியில் சுருளை வைத்துக்கொண்டு இரண்டு கலைத்தேவியருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மொசைக் இங்கேதான் இருக்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள். முகத்தின் நிழலைக் கொண்டுவர விரல்நகத்தை விடச் சின்னக் கற்களை எத்தனை நிறத்தில் தேடிப் பதித்திருக்கிறார்கள்! வெளியே மழை பெய்கிறது என்பதே மறந்துபோகும்.

மழை விட்டதா, உடனே புறநகர் ரயிலைப் பிடிக்கலாம். 1872-லிருந்து ஓடும் தடம் அது. ஏரியின் நடுவே போட்ட கரை மேல் போகும்போது, குளிர்காலத்தில் தண்ணீரில் பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம். கார்தேஜில் இறங்கினால் அந்தோனைன் குளியல் மாளிகையின் இடிபாடுகள் பச்சைப் புல்லுக்கு நடுவே, கடலுக்குப் பக்கத்திலேயே. கோடையில் இங்கே புல் காய்ந்து, வெயிலில் கல் சுடும். அடுத்த சில நிலையங்களில் சிதி பூ சையத், வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாக. கோடையில் நெரிசலாக இருக்கும் அந்த ஏற்றத்தெருவில் ஜனவரியில் பூனைகள்தான் அதிகம்.

காலைச் சாப்பாட்டுக்கு லப்லாபி. இதுவும் கொண்டைக்கடலைதான், ஆனால் அலெக்சாந்திரியாவின் டம்ளருக்கு நேர்மாறு. காலிக் கிண்ணத்தை உங்களிடமே கொடுத்துவிடுவார்கள். பழைய ரொட்டியை நீங்களே பிய்த்துப் போட வேண்டும். அதன் மேல் கொதிக்கும் கடலையும் சாறும், பூண்டு, சீரகம், ஹரிஸ்ஸா மிளகாய் விழுது, தாராளமாக ஆலிவ் எண்ணெய், அரைவேக்காட்டு முட்டை. எல்லாவற்றையும் கிளறிச் சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது. சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டையும் டூனா மீனும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். துனிஸில் டூனாவை எதன் மேலும் போட்டுவிடுவார்கள். இந்த விஷயத்தில் ஃபூலும் (அவரைப் பயற்று மசியல்) தாமியாவும் (அவரைப் பயற்று வடை) கோஷரியும் (சோறு, பருப்பு, பாஸ்தா கலவை) தெருவுக்குத் தெரு கிடைக்கும் எகிப்துதான் சைவர்களுக்கு எளிது.

டான்ஜியரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அழகான ஊர், எதிரே ஸ்பெயின் தெரியும். ஆனால் அங்கே அழகெல்லாம் வெளியில்தான்: மாடி, மேட்டு ஓட்டல், நீரிணையைப் பார்க்கும் சுவர். நாள் முழுக்க மழை என்றால் எதிர்க்கரையும் மறைந்துபோகும், காற்று குடையை முறித்துவிடும். டிசம்பரில் எட்டரை மணிக்குத்தான் பொழுதே விடிகிறது. காலையில் பிஸாரா என்ற காய்ந்த அவரைக் கூழை ஆலிவ் எண்ணெய் விட்டு ரொட்டியோடு சாப்பிடுவது மட்டும் குளிருக்கு நல்ல துணை. மதுரை சுல்தான்களின் காலத்தில் நம் பக்கம் வந்துபோன இப்னு பதூதா 1304-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அவருடையது என்று சொல்லப்படும் கல்லறையும் மதீனாவின் சந்து ஒன்றில் இருக்கிறது. அதைப் பார்க்க ஆசை என்றால் ஏப்ரலில் போங்கள்.

எனவே ஐந்தாறு நாள் ஒரே ஊரில் தங்குவதானால் துனிஸ். எகிப்துக்கு எப்படியும் போகிறீர்கள், கெய்ரோவிலிருந்து இரண்டு மூன்று நாள் ஒதுக்க முடியும் என்றால் அலெக்சாந்திரியா. ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாள் குறிக்கும் முன் ரமலானைப் பாருங்கள். 2027-ல் பிப்ரவரி 8-ஐ ஒட்டியும் 2028-ல் ஜனவரி கடைசியிலும் நோன்பு தொடங்கும். அப்போது பகலில் லப்லாபிக் கடையும் தேநீர்க் கடையும் பெரும்பாலும் மூடியிருக்கும். இரண்டு ஊரிலும் டிசம்பர் கடைசியில் மாலை ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும், திறந்தவெளி இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அலெக்சாந்திரியாவில் கடல் பார்த்த அறைதான் எடுக்க வேண்டும், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆனால் பையை இறக்கும் முன் ஜன்னலை ஒரு தடவை மூடிப் பாருங்கள். கட்டை உப்பில் ஊறி வீங்கியிருந்தால் கதவு பொருந்தாது, நவ்வா இரவு முழுக்க அந்த இடுக்கில் விசிலடிக்கும். வேறு அறை கேளுங்கள், கொடுப்பார்கள்.