டெஸ்ட் எடுக்காமலே திருப்பி அனுப்பினார்கள்: 5க்கு 4

மனைவிக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறாள். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுக் கோளாறு அவளுக்கு இருப்பதாக ரிப்போர்ட் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ. அவளுக்கும் அது இறங்கியிருக்கச் சரிபாதி வாய்ப்பு. உடனே பார்த்துவிடலாம் என்று சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஜெனடிக் கவுன்சலிங் பிரிவுக்கு அழைத்துப் போனேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து மணி அப்பாயின்ட்மென்ட். உள்ளே கூப்பிட்டபோது பதினொன்றே முக்கால். ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம். ஒரு நட்சத்திரம் அங்கேயே போச்சு.

கவுன்சலர் சின்ன வயதுப் பெண். வெள்ளைத்தாளில் எங்கள் குடும்பத்தையே வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. "வயித்துல கட்டி" என்று மட்டும் வீட்டில் சொல்லிவந்த மாமியாரின் பழைய ஃபைலைப் புரட்டினார். சினைப்பைப் புற்றுநோய். அந்த வட்டமும் கறுத்தது.

அப்புறம், "சார், கொஞ்ச நேரம் வெளியே இருங்க" என்றார். ஃபீஸ் கட்டியவன் நான்! முணுமுணுத்துக்கொண்டே எழுந்தேன். நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி க்ளெய்மைத் தள்ளக் கூடாதென்று தில்லி உயர் நீதிமன்றம் 2018ல் சொன்னதுவரை தெரியும். அதை வைத்துக் கேள்விகளெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து உள்ளே போனால் மகள் முடிவெடுத்துவிட்டிருந்தாள். "எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாம் 25 வயசுக்கு மேலதானாம்பா. இப்ப தெரிஞ்சா அடுத்த வாரம் என்ன பண்ணப்போறோம்? நீங்களும் அம்மாவும் தினமும் என் மூஞ்சியையே பார்த்துட்டிருப்பீங்க. எனக்கு நீட் முடியட்டும்."

கவுன்சலரும் அவள் பக்கம்தான். சிறு வயதிலேயே குடலில் பாலிப் என்ற சதை வளரும் பரம்பரை நோய் என்றால் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே டெஸ்ட் எடுப்பார்களாம், உடனே கண்காணிக்க வேண்டியிருப்பதால். இது பெரியவர்களானபின் வருவது. 18 முடிந்து அவளே வந்து, அவளே கையெழுத்துப் போட்டால்தான் எடுப்போம் என்றார். எடுத்த பிறகும் ரிசல்ட் வேண்டாமென்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ரத்தம் எடுத்து பில்லைப் போட்டிருந்தால் அவர்களுக்கும் லாபம்தானே என்று ஆட்டோவில் வரும்போதுதான் தோன்றியது.

கிளம்பும் நேரத்தில் மகள் அந்தத் தாளில் ஒரு சதுரத்தைத் தொட்டு, "மாமா வழியாவும் இறங்குமா?" என்று கேட்டாள். இறங்கும். இது பெண்கள் சமாச்சாரம் என்று மச்சானை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. அவர் பெண்ணுக்கு 26 வயது. முதலில் மச்சானுக்கு எடுக்க வேண்டும். அவருக்கு இந்தக் கோளாறு இல்லையென்றால் அவர் வழியாக அவளுக்கும் வராது. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு அவர் பெயரில் முதல் டோக்கன் போட்டிருக்கிறேன். "எனக்கெதுக்கு மாப்ள?" என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.