நடுவரா, நீதிமன்றமா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரருக்கும் குலை வாங்கும் வியாபாரிக்கும் வாடகைப் பாக்கியில் தகராறு என்று வைத்துக்கொள்வோம். (தோட்டத் தொழிலாளியின் சம்பளப் பாக்கி என்றால் கதையே வேறு, நேரே தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.) எழுத்து ஒப்பந்தத்தில் நடுவர் விதி (தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதில் தனியாக ஒரு நடுவரிடம் தீர்ப்புக்கு விடுவது என்ற விதி) இருந்தால், ஒருவர் கோர்ட்டுக்கு ஓடினாலும் மற்றவர் தொடக்கத்திலேயே கேட்டு வழக்கை நிறுத்திவைக்கலாம். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு நடுவர் சட்டம் அப்படி.

நடுவர் முறையில் எனக்குப் பிடித்தது மொழி. நீதிமன்றத்தில் மலாய்தான், நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாகத்தான் நீதிபதியிடம் போகும். நடுவர் விசாரணையில் எந்த மொழி என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். தமிழ் தெரிந்த நடுவர் கிடைத்தால் தமிழிலேயே நடத்தலாம், ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வசதிப்பட்ட இடத்தில். மூடிய கதவுக்குள் நடப்பதால் விஷயம் சாப்பாட்டுக் கடைவரை போகாது. சின்ன ஊரில் அது லேசான காரியமா?

ஆனால் செலவு இடிக்கிறது. நீதிபதிக்கு அரசாங்கச் சம்பளம். நடுவருக்கு நாம்தான் கட்ட வேண்டும். பாக்கி 20,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் நான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கே போவேன். அங்கே 100,000 வெள்ளி வரை வழக்கு எடுப்பார்கள், தோற்றால் மேல்முறையீடும் உண்டு. நடுவர் தீர்ப்புக்கு அது கிடையாது. சட்டம் சொல்லும் சில காரணங்களுக்கு மட்டும், 90 நாளுக்குள், உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம்.

அப்புறம், தோற்றவர் பணம் தராவிட்டால் நடுவரால் ஜப்தி செய்ய முடியாது. அதற்கும் உயர் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும்.