யெஸ்டிக்கு உதிரிபாகம்: பேட்டர்ஸ் சாலையில் நம்பிப் போகக்கூடிய ஒரு கடை

மைசூரு ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்ட பிறகு, அங்கே தயாரான பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளுக்கு அசல் உதிரிபாகம் கிடைப்பது அரிது. அண்மையில் நான் வாங்கிய பழைய யெஸ்டி 250 வெண்புகையாகக் கக்கியது. கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இருக்கும் இந்தக் கடைப் பெரியவர் இதைக் கேட்டதுமே, "கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிருக்கும், தம்பி. பிஸ்டனில் கை வைக்க வேண்டாம்" என்றார்.

கியர் ஆயில் எஞ்சினுக்குள் கசிந்து எரியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் இந்த சீல். இரண்டு சீல்களை எடுத்து வைத்தார். ஒன்றின் விளிம்பை நகத்தால் மடக்கிவிட்டார். சட்டென்று பழையபடி நிமிர்ந்தது. பாதி விலைக்குக் கிடைக்கும் மற்றது விறைத்துக்கொண்டு, மடங்கவே மறுத்தது. இப்படிக் காட்டி விற்கிற கடைக்காரர் எத்தனை பேர்! நல்லதையே வாங்கினேன், மாற்றியதும் புகை அடங்கிவிட்டது.

எஞ்சினில் தீப்பொறிக்கு வேண்டிய பாயிண்ட், கண்டென்சர், அத்துடன் கேபிள் ஆகியவற்றை இங்கே தயங்காமல் வாங்கலாம். பாயிண்ட் இடைவெளியை 0.4 மி.மீ. அளவில் வைக்கும்படி சொல்லித்தான் கொடுக்கிறார்கள். கார்புரேட்டர் ஜெட் மட்டும் எனக்குத் திருப்தியில்லை. பெட்ரோல் செல்லும் அதன் துளைகள் சீராக இல்லை. அதைப் புதுப்பேட்டையில் பழைய அசலாகத் தேடுவதே மேல். மாலையில் கூட்டம் நெருக்கும். காலையிலேயே, கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.