பட்டாயாவா, ஹுவா ஹின்னா? தாய்லாந்துக் கடற்கரையில் குடியேறுமுன் பார்க்க வேண்டியவை

இரண்டு ஊரும் தாய்லாந்து வளைகுடாவின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கின்றன. பாங்காக்கிலிருந்து பட்டாயா ஏறக்குறைய 150 கி.மீ., ஹுவா ஹின் 200 கி.மீ. பட்டாயா என்றால் கூத்தும் கும்மாளமும், ஹுவா ஹின் என்றால் அரச குடும்பம் ஓய்வெடுக்கும் அமைதியான ஊர் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். சுற்றுலாப் பயணிக்கு அது போதும், குடியேறுகிறவருக்குப் போதாது. பட்டாயாவின் இரவுக் கேளிக்கைத் தெருவான வாக்கிங் ஸ்ட்ரீட்டின் சத்தம், அதே ஊரின் ஜோம்தியன் பகுதியிலோ நக்லுவா பகுதியிலோ இருப்பவர் காதில் விழப்போவதில்லை. அவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: வண்டி ஓட்டாமல் இந்த ஊரில் காலம் தள்ள முடியுமா?

பட்டாயாவில் முடியும். சோங்தேவ் எனப்படும், பின்புறம் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டிகள் பீச் ரோட்டில் தெற்கு நோக்கியும் செகண்ட் ரோட்டில் வடக்கு நோக்கியும் ஓடிக்கொண்டே இருக்கும். கையைக் காட்டி ஏறி, மணியை அழுத்தி இறங்கி, வழக்கமான கட்டணத்தைச் சில்லறையாகக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். ஏறுமுன் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் தனி வாடகை என்று வைத்துக்கொண்டு பல மடங்கு சொல்வார்கள்.

ஹுவா ஹின்னில் இந்த வண்டிகள் பேட்காசெம் சாலையை ஒட்டிய சில தடங்களில்தான் ஓடுகின்றன, இருட்டினால் குறைந்துவிடும். வெளிநாட்டவர் விரும்பும் நீச்சல்குளம் வைத்த தனி வீடுகளோ சோய் (கிளைத் தெரு) 88, 102, 112 என ரயில் பாதைக்கு மேற்கே உள்ளே தள்ளி இருக்கின்றன. கார் அல்லது ஸ்கூட்டர் இல்லாமல் அங்கே பால் வாங்கக்கூடப் போக முடியாது. தாய்லாந்து ஓட்டுநர் உரிமம் வாங்க மருத்துவச் சான்றும், குடிவரவு அலுவலகம் தரும் முகவரிச் சான்றும் வேண்டும். முதலில் இரண்டு ஆண்டுக்கும் அடுத்து ஐந்து ஆண்டுக்கும் தருவார்கள். கார் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால், மருத்துவக் காப்பீடு கைவிரித்துவிட வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கடல் பார்க்கும் திசை. இதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. பட்டாயாக் கடல் மேற்கே இருக்கிறது. கடல் பார்த்த ஃபிளாட் என்றால் பிற்பகல் வெயில் முழுவதும் வரவேற்பறைக்குள்தான், ஏசி நாலு மணி நேரம் கூடுதலாக ஓடும். மின்கட்டணத்தை அரசு மின்வாரியத்துக்கு நேரடியாகக் கட்டுகிறீர்களா, உரிமையாளர் வைத்த யூனிட் விலைக்கா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வித்தியாசம் கணிசம். ஹுவா ஹின் கிழக்கு நோக்கியது. வெயில் காலையோடு போய்விடும், ஆனால் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குக் காற்று அலையை நேராகக் கரைக்குத் தள்ளும். பட்டாயாவில் கடல் கலங்குவது தென்மேற்குப் பருவத்தில்.

எந்த ஊரானாலும் கடலை ஒட்டிய வீட்டில் ஏசியின் வெளிப்புறப் பெட்டியைக் குனிந்து பாருங்கள். அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடி பூத்து, விரலால் தொட்டால் உதிர்கிறது என்றால் உப்பு தின்றுவிட்டது. அந்த ஏசி அறையைக் குளிர்விக்காமல் மின்சாரத்தை மட்டும் குடிக்கும்.

மழையில் ஹுவா ஹின்னுக்கு ஒரு கை மேல். பர்மா எல்லை மலைத்தொடரின் மழைமறைவில் இருப்பதால் நாட்டிலேயே வறண்ட பகுதிகளில் அதுவும் ஒன்று. அதனாலேயே வீட்டில் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் உண்டா என்று கேட்க வேண்டும். பட்டாயாவில் செப்டம்பர், அக்டோபரில் கிழக்கு மேட்டிலிருந்து இறங்கும் வெள்ளம் ரயில் பாதையோரச் சாலையிலும் சோய் புவாக்காவோ பக்கத்திலும் தேங்கும். தரைத்தளமும் பாதாள வண்டி நிறுத்தமும் வேண்டாம்.

வாங்குவதென்றால் பட்டாயா ஃபிளாட்டில் சிக்கல் குறைவு. ஒரு கட்டடத்தின் மொத்தத் தளப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் பதியலாம். பணம் வெளிநாட்டு நாணயமாகவே உள்ளே வந்து, தாய்லாந்தில் உள்ள வங்கியில் பாட் எனும் உள்ளூர் நாணயமாக மாற வேண்டும். அனுப்பும் இடத்திலேயே பாட்டாக மாற்றிவிட்டால் வங்கிச் சான்று கிடைக்காது, சான்று இல்லாமல் நில அலுவலகம் பதியாது. பலர் இடறுவது இங்கேதான். ஹுவா ஹின்னின் தனி வீட்டிலோ நிலம் உங்கள் பெயரில் வராது, 30 ஆண்டு குத்தகைதான். "30+30+30" என்று தரகர் சொன்னால் முதல் 30 மட்டுமே பதிவில் நிற்கும். உள்ளூர்க்காரர் பெயரில் பினாமி நிறுவனம் தொடங்கி நிலம் வாங்குவது சட்டவிரோதம்.

விசா விதி இரண்டு ஊருக்கும் ஒன்றே. 50 வயது கடந்தவர் ஓய்வுக்கால விசா நீட்டிப்புக்குத் தாய்லாந்தில் உள்ள வங்கியில் 8,00,000 பாட்டை விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே போட்டு, கிடைத்தபின் மூன்று மாதம் தொடாமல் வைத்து, மீதி நாட்களில் 4,00,000-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் 65,000 பாட் வருமானம் காட்டுவது இன்னொரு வழி. அதில் ஒரு கண்ணி உண்டு: சில செயலிகள் வழியாக அனுப்பும் பணம் பாஸ்புக்கில் உள்நாட்டுப் பரிமாற்றமாகப் பதிவாகிவிடும், அதிகாரி ஏற்க மாட்டார். முதல் மாதமே பாஸ்புக்கில் அந்த வரவுக்கு நேரே உள்ள குறியீட்டைச் சரிபாருங்கள். வெளிநாட்டவர் தங்குவதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கும் டி.எம்.30 படிவத்தை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்தில் பதிய வேண்டும். அதற்கு மறுப்பவரின் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். 90 நாளுக்கு ஒருமுறை தர வேண்டிய முகவரி அறிக்கையும், நாட்டை விட்டுக் கிளம்புமுன் மறுநுழைவு அனுமதியும் உங்கள் பொறுப்பு. மறுநுழைவு அனுமதி இல்லாமல் விமானம் ஏறினால் நீட்டிப்பு அங்கேயே செத்துவிடும்.

நல்ல தனியார் மருத்துவமனை இரண்டு ஊரிலும் உண்டு. பெரிய சிகிச்சைக்குப் பாங்காக் போக நேர்ந்தால், பட்டாயாவிலிருந்து விரைவுச்சாலையில் சுமார் இரண்டு மணி நேரம். சுவர்ணபூமி விமான நிலையமும் அதே பாதையில்தான். ஹுவா ஹின்காரர் சாலை வேலையால் பேர்போன ராமா 2 நெடுஞ்சாலையின் நெரிசலைத் தாண்டியாக வேண்டும். அவர்களுக்கு ரயில் ஒரு ஆறுதல், ஆம்புலன்ஸுக்கு அது உதவாது. அறுபத்தைந்தைத் தாண்டியவர், இதயநோய் உள்ளவர் பட்டாயாவையே பார்க்கலாம். ஐம்பதுகளில் இருக்கும், கார் ஓட்டத் தயங்காத தம்பதிக்கு ஹுவா ஹின்.

வாங்குமுன் ஒரு ஆண்டு வாடகைக்கு இருங்கள். ஒப்பந்தத்தைச் செப்டம்பரில் தொடங்கினால் ஊர் மோசமாக இருக்கும் நிலையைப் பார்த்துவிடலாம், வாடகையும் படியும். நவம்பர் வந்தால் உரிமையாளர் இறங்க மாட்டார். முன்பணம் வழக்கமாக இரண்டு மாத வாடகை. சாவி வாங்கும் அன்றே மின், தண்ணீர் மீட்டர்களையும் சுவர்க் கறைகளையும் படம் எடுத்து உரிமையாளருக்கு லைன் (LINE) என்ற செய்திச் செயலியில் அனுப்பிவிடுங்கள். முன்பணத் தகராறு வந்தால் தேதியோடு கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.