ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் போனது: தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இன்று காலை பத்தரை மணிக்கு வேலூரில் ஒரு கல்வி ஆலோசனை மையத்தின் கண்ணாடிக் கதவை என் முகத்துக்கு நேராகச் சாத்தினார்கள். அங்கிருந்து குடியாத்தம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சாப்பிடவும் பிடிக்காமல் இதை எழுதுகிறேன். போனது ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். அதற்காக என் மனைவியின் நான்கு பவுன் இரட்டை வடச் சங்கிலி கூட்டுறவு வங்கியில் அடகில் கிடக்கிறது.

நான் லுங்கி வாங்கி விற்கிறவன். தறிக்காரரிடம் சரக்கு எடுக்கும்போது ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன். சாயம் ஒட்டினால் மொத்தக் கட்டையும் திரும்பிப் போகும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம். ஐம்பது ரூபாய் துணிக்குப் பார்த்த பார்வையை மகளின் நான்கு வருடப் படிப்புக்குப் பார்க்காமல் விட்டேனே என்பது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

2024 மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தது. பாப்பாவுக்குப் பொறியியல் சேர்க்கைக்கு 200-க்கு 176 கட்-ஆஃப். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள். முடிவு வந்த அன்று மாலையே போன்கள் ஆரம்பித்தன. எங்கள் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை புரியவில்லை. ஒரு தனியார் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வு, வீட்டிலிருந்தே எழுதலாம், கட்டணம் இல்லை என்றார்கள். பாப்பா என் கைபேசியிலேயே நாற்பது நிமிடம் எழுதினாள். இரண்டே நாளில் கடிதம் வந்தது: ஆயிரக்கணக்கானோரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர், கட்டணத்தில் 25 சதவீதம் உதவித்தொகை, 72 மணி நேரத்துக்குள் இடத்தை உறுதி செய்ய வேண்டும். அந்தக் கடிதத்தை என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

கெங்கையம்மன் சிரசு திருவிழா முடிந்த மூன்றாம் நாள் மூன்று பேரும் வேலூருக்குப் போனோம். அந்த ஆலோசனை மையம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். உள்ளே இருந்த ஆலோசகப் பெண் பாப்பாவுக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். "உன் சொந்த அக்கா சொல்வதாக நினைத்துக்கொள் பாப்பா" என்றார். மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு பையனின் படம், கீழே கொட்டை எழுத்தில் ஆண்டுக்கு 42 லட்சம். "அது ஒரு பையனுக்கு. மற்றவர்களுக்கு எவ்வளவு அம்மா?" என்று நான் கேட்கத்தான் செய்தேன். "சராசரி ஏழு லட்சம் சார்" என்றார். பிறகு விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினார்: மொத்தச் செலவு 14 லட்சம். வேலைக்குப் போனால் வருடத்துக்கு 7. இரண்டு வருடத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். அந்த இரண்டைச் சுற்றி வட்டம் போட்டார்.

அந்தத் தாள் இப்போதும் என் முன்னால் இருக்கிறது. நான் ஏமாந்தது அந்த வட்டத்தில்தான். தரகர் பேச்சு என்றால் சந்தேகப்பட்டிருப்பேன். கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கு என்றால் நம்பிவிடுகிறோம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, "கணினி அறிவியலில் ஏழு இடம் இருந்தது சார், இப்போது ஆறு" என்றார். மதிப்பெண் வரிசைப்படி கல்லூரி இடம் ஒதுக்கும் அரசுக் கலந்தாய்வு ஜூலையில்தானே, அதுவரை பொறுக்கலாமா என்றேன். 176-க்கு அங்கே உருப்படியான கல்லூரி கிடைக்காது, இதையும் விட்டுவிட்டு நிற்பீர்கள் என்றார். முதல் பட்டதாரி சலுகையும் இங்கே உண்டு, வங்கிக் கடன் நாங்களே வாங்கித் தருவோம், வேண்டாம் என்றால் பணம் முழுதும் திரும்பிவிடும் என்று வரிசையாகச் சொன்னார். பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நகை வங்கிக்குப் போனது. பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு ஒரு லட்சம். மையத்துக்குச் சேவைக் கட்டணம் என்று இருபதாயிரம் ரொக்கம். ஒரு லட்சத்துக்கு ரசீது வந்தது. இருபதாயிரத்துக்கு வரவில்லை. ஜூலையில் அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் சரிபார்க்க வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதையும் கொடுத்தேன்.

உண்மை தெரிந்தது எதிர்வீட்டு ஆசிரியையால். தெருக்கோடியில் இருக்கும் பையனுக்குக் கட்-ஆஃப் 118. அவனுக்கும் அதே 25 சதவீதம், அதே 72 மணி நேரம், எழுத்துக்கு எழுத்து அதே கடிதம். எழுதியவர்களையெல்லாம் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கழித்துக் காட்டிய கட்டணம்தான் அவர்களின் உண்மையான கட்டணம் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு அந்த ஆசிரியை தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்புக்காக அந்தப் பல்கலைக்கழகமே கொடுத்த ஆவணத்தை எடுத்துக் காட்டினார். என்.ஐ.ஆர்.எஃப். என்பார்கள். 2016 முதல் ஆண்டுதோறும் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் தரவரிசை அது. அதற்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஒரே வரிசையில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசியில் இடைநிலைச் சம்பளம் என்று ஒரு கட்டம் இருக்கும். வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது அது. ஆசிரியை அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அதுவும் வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும். சேர்ந்தவர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்கள்தான் அவர்கள்.

அப்படியானால் ஏழு லட்சம் எங்கிருந்து வந்தது? நாற்பது லட்சம் வாங்கும் நான்கைந்து பேரைச் சேர்த்துச் சராசரி போட்டால் ஏறத்தான் செய்யும். வேலை கிடைக்காதவர்களைக் கணக்கிலேயே சேர்க்காவிட்டால் இன்னும் ஏறும். ஒரே பிள்ளை மூன்று கம்பெனியில் தேர்வானால் மூன்று வேலை என்று எண்ணிக்கொள்கிற இடங்களும் உண்டு என்றார் ஆசிரியை.

அன்று இரவு நானே கணக்குப் போட்டேன். கல்விக் கட்டணம் 2,40,000, விடுதியும் சாப்பாடும் 1,15,000, நான்கு வருடத்துக்கு 14,20,000. அதில் பத்து லட்சம் கடன் என்று வைத்தால், பத்தரை சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 13,500 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை நான் சேர்க்கவே இல்லை. மூன்றரை லட்சம் சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 25,000 அளவில் இருக்கும். பெங்களூரிலோ சென்னையிலோ அறை வாடகை, சாப்பாடு போக அந்தப் பெண் எதை வைத்துத் தவணை கட்டுவாள்? நாங்களே வாங்கித் தருவோம் என்ற கடனுக்கும், ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தைப் பிணை வைக்க வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். முதல் பட்டதாரி சலுகையோ அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்பவர்களுக்கு மட்டும்தான். பல்கலைக்கழகம் நேரடியாகச் சேர்க்கும் இடத்துக்கு அது கிடையவே கிடையாது. அந்தப் பெண் சொன்னது அப்பட்டமான பொய்.

நல்ல வேளையாக, தலைமையாசிரியை சொன்னாரென்று பாப்பா கலந்தாய்வுக்கும் பதிவு செய்து வைத்திருந்தாள். ஆகஸ்டில் பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்ப நிறுவனத்தில் மின்னணுவியல் தொடர்பியல் பிரிவில் இடம் கிடைத்தது. உருப்படியான கல்லூரி கிடைக்காது என்றார்களே! வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறாள்.

சான்றிதழ்களை வாங்கத்தான் உயிர் போய்விட்டது. கல்லூரியில் சேர இரண்டு நாள்தான் பாக்கி. நான்கு மணி நேரம் பயணம் செய்து பல்கலைக்கழகத்துக்குப் போனால், சேர்க்கைப் பிரிவில் ஒரு தட்டச்சுத் தாளை நீட்டினார்கள். "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன், கட்டிய தொகையைக் கோர மாட்டேன்." கையெழுத்துப் போட்டால் சான்றிதழ், இல்லாவிட்டால் அடுத்த வாரம் வாருங்கள். பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். கையெழுத்துப் போட்டேன். அசல் சான்றிதழைக் கல்வி நிறுவனம் பிடித்து வைக்கவே கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அலைச்சல்தான். மையத்தில் கேட்டால், பணம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, அங்கே கேளுங்கள் என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால், அந்த மையம் எங்கள் கிளை இல்லை என்கிறார்கள். கணக்குப் பிரிவில் ஐந்து வேலை நாள் என்றார்கள். அது ஆறு வாரம் ஆகிவிட்டது. மானியக் குழுவின் சுற்றறிக்கையைக் காட்டினேன். 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணமும், அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் தர வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நான் விலகியது ஆகஸ்டில். "அது கட்டணத்துக்குத்தான் சார், நீங்கள் கட்டியது முன்பதிவு வைப்பு" என்று பதில். ரசீதின் அடியில் எறும்பளவு எழுத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்து அக்கா என்று சொன்ன அந்தப் பெண் இன்று நான் வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் வந்த இளைஞன், "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இப்போது வந்து நிற்கிறீர்களே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஐயா!

மானியக் குழுவின் இ-சமாதான் இணையதளத்தில் புகார் பதிவு செய்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லியிருக்கிறேன். எது நடக்குமோ பார்க்கலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது. இதை மட்டும் செய்யுங்கள். அதிகபட்சச் சம்பளத்தைக் காட்டினால் இடைநிலைச் சம்பளத்தைக் கேளுங்கள். எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேருக்கு வேலை என்று கேளுங்கள். கலந்தாய்வு முடியும் முன் யாருக்கும் பணம் கட்டாதீர்கள். அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், நகல் போதும். ரொக்கம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கத்தில் வேறு யாராவது இப்படி முன்பணம் கட்டியிருந்தால் ரசீதையும் கடிதத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலை நான் மறுபடியும் அங்கே போகிறேன். கூட வருகிறவர்கள் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.